வேடம் கலைத்த கார்டுகள்

வைஃபை ஸ்கேனர் ஒன்றை கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தவர்கள் பலருக்கு இது தெரிந்திருக்கும். இன்டர்நெட் தடையில்லாமல் ஓடும், வீடியோ ஓடும். ஸ்கேனரைத் திறந்தால் மட்டும் பட்டியல் காலியாக இருக்கும். அதே மென்பொருள் பக்கத்து மேஜையிலிருக்கும் பழைய லேப்டாப்பில் அக்கம்பக்கத்து ரூட்டர்களை எல்லாம் பெயர், சேனல், சிக்னல் பலத்தோடு வரிசையாகக் காட்டும். உள்ளே எந்த வைஃபை கார்டு இருக்கிறது என்பது பிரவுசருக்கும் மெயிலுக்கும் ஒரு பொருட்டே இல்லை. ஸ்கேனர் மட்டும் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்கிறது. ஸ்கேனர்களோடு கூடவே "இந்தக் கார்டு ஒத்துவரும், இது ஒத்துவராது" என்ற பட்டியலும் ஏன் பிறந்தது என்பது, என் பார்வையில், வைஃபையின் சரித்திரத்திலேயே மிகவும் சுவையான பகுதி. அது தொடங்கும் இடம் கடைகளின் கல்லாப்பெட்டி.

அமெரிக்காவின் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. 1985-இல் சில அலைவரிசைப் பட்டைகளை உரிமம் வாங்காமலே தகவல் தொடர்புக்குப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. கல்லா இயந்திரங்கள் செய்து விற்ற என்.சி.ஆர். நிறுவனம் அதை உடனே பிடித்துக்கொண்டது. பெரிய கடைகளில் மேஜைகளை இடம் மாற்றும்போதெல்லாம் கேபிளைப் பிடுங்கிப் புதிதாக இழுக்க வேண்டியிருந்தது. அந்தச் செலவுக்கு வயர்லெஸ் ஒரு விடிவு. நெதர்லாந்தில் உட்ரெக்ட் நகருக்குப் பக்கத்தில் இருந்த அதன் பொறியாளர்கள் செய்த 'வேவ்லேன்' கார்டு 1990-களின் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்தது. வேகம் நொடிக்கு 2 மெகாபிட். அதே அணியைச் சேர்ந்த விக் ஹேய்ஸ் 1990 முதல் பத்து ஆண்டுகள் தலைமை தாங்கிய ஐ.இ.இ.இ. குழு 1997-இல் 802.11 தரநிலையை வெளியிட்டது. என்.சி.ஆர். கைமாறி ஏ.டி. அண்ட் டி-க்குப் போனது. வேவ்லேன் அங்கிருந்து லூசென்ட் நிறுவனத்துக்குப் போய் 'ஒரினோகோ' என்று பெயர் மாறியது. கை மாறிய கதை நமக்கு இவ்வளவு போதும்.

தரநிலையை எழுதியவர்கள் எடுத்த ஒரு முடிவில்தான் நம் கதைக்கான விதை இருக்கிறது. அன்றைய கம்ப்யூட்டர்களுக்கு நன்றாகப் பழகியிருந்தது ஈதர்நெட். வயர்லெஸ்ஸுக்கென்று ஆபரேட்டிங் சிஸ்டத்தைத் திருத்தச் சொன்னால் யார் வாங்குவார்கள்? ஆகவே வயர்லெஸ் கார்டு, கம்ப்யூட்டரைப் பார்த்திருக்கும் பக்கத்தில் ஈதர்நெட் கார்டின் வேடத்தைப் போட்டுக்கொண்டது. காற்றில் போகும் 802.11 பாக்கெட்டின் தலைப்பில் நான்கு முகவரிகள் வரை இடம் உண்டு. ஈதர்நெட் தலைப்பில் இரண்டுதான். வரும் பாக்கெட்டின் நீண்ட தலைப்பைக் கழற்றிவிட்டு ஈதர்நெட் தலைப்பை மாட்டும் வேலையைக் கார்டும் அதன் டிரைவரும் சத்தமில்லாமல் செய்தன. விண்டோஸ், கேபிளில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தது.

இந்த ஏற்பாட்டில் காணாமல் போனது எது என்று பாருங்கள். ஒவ்வொரு ஆக்சஸ் பாயிண்டும் நொடிக்குச் சுமார் பத்து முறை பீக்கன் என்ற சிறு அறிவிப்பை எல்லோருக்கும் கேட்கும்படி காற்றில் விடுகிறது. தன் பெயர், சேனல், தாங்கக்கூடிய வேகங்கள், பூட்டு உண்டா இல்லையா எல்லாம் அதில் இருக்கும். ஈதர்நெட்டில் இதற்கு இணையாக எதுவும் கிடையாது. எனவே பீக்கனைக் கார்டுக்குள்ளேயே இருக்கும் ஃபர்ம்வேர் படித்துத் தன் தேவைக்கு வைத்துக்கொண்டு அங்கேயே முடித்துவிடும். கம்ப்யூட்டருக்குத் துண்டுச்சீட்டுகூடப் போகாது. அடுத்தவர் முகவரிக்கு வரும் பாக்கெட்டுகளுக்கும் அதே கதிதான். ஒரு ஸ்கேனருக்கு வேண்டியது முழுக்க, கார்டு வாசலிலேயே நிறுத்திவைத்த சரக்கு.

1999 ஜூலையில் ஸ்டீவ் ஜாப்ஸ் நியூயார்க் மேக்வேர்ல்டு மேடையில் ஐபுக்கையும் ஏர்போர்ட்டையும் காட்டினார். கார்டின் விலை 99 டாலர்; அதன் உள்ளடக்கம் லூசென்ட்டுடையது. அதே ஆண்டு 11 மெகாபிட் வேகம் கொண்ட 802.11பி தரநிலையும் வந்தது. அலுவலகங்களும் வீடுகளும் ஆக்சஸ் பாயிண்ட் வாங்கி மாட்டின, பெரும்பாலும் பூட்டுப் போடாமலே. சந்தையில் பெட்டிகளின் மேல் ஏகப்பட்ட பெயர்கள் இருந்தாலும் உள்ளே இருந்தவை முக்கியமாக இரண்டு சிப் குடும்பங்கள்: லூசென்ட்டின் 'ஹெர்மீஸ்', இன்டர்சில் நிறுவனத்தின் 'பிரிசம்'. லிங்க்சிஸ், டி-லிங்க், நெட்கியர், எஸ்.எம்.சி. பெயர்களில் விற்ற பிரபலமான கார்டுகளைப் பிரித்தால் பிரிசம்-2 சிப் இருந்தது. சிப்பின் பெயர் பெட்டியில் இருக்காது. இந்தக் குறை பின்னால் பெரிய தலைவலியாகப் போகிறது.

வெளியே கசியும் இந்த அலைகளை முதலில் முறையாக எண்ணிப் பார்த்தவர்களில் ஒருவர் பீட்டர் ஷிப்லி. ஆண்டெனாவும் ஜி.பி.எஸ்ஸும் லேப்டாப்பும் காரில் வைத்துக்கொண்டு சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியைச் சுற்றினார். 2001-இல் லாஸ் வேகாஸில் நடந்த டெஃப்கான் மாநாட்டில் கண்டதைச் சொன்னார். அவர் வைத்திருந்த கருவிகள் அவரே எழுதிக்கொண்டவை. சாதாரண ஆள் ஒருவர் சொடுக்கித் திறக்கக்கூடிய ஸ்கேனர் அதே 2001-இல் மேரியஸ் மில்னர் வெளியிட்ட 'நெட்ஸ்டம்ப்ளர்'.

நெட்ஸ்டம்ப்ளர் ஜன்னலைப் பார்த்தவர்களுக்கு அது மறக்காது. ஒவ்வொரு ஆக்சஸ் பாயிண்டுக்கும் ஒரு வரி. வரியின் தொடக்கத்தில் ஒரு சின்ன வட்டம். சிக்னல் நன்றாக இருந்தால் பச்சை, குறைந்தால் மஞ்சள், சிவப்பு, கைவிட்டுப் போனால் சாம்பல் நிறம். குறியாக்கம் இருந்தால் வட்டத்துக்குள் ஒரு பூட்டு. புதிதாக ஒன்று அகப்பட்டால் ஒலி எழுப்பும். எத்தனையோ அலுவலகங்களில் நெட்வொர்க் பராமரிப்பவர்கள் தங்கள் கட்டடத்துக்குள் யாரோ சொல்லாமல் கொள்ளாமல் மாட்டிவைத்த ஆக்சஸ் பாயிண்டைக் கண்டுபிடித்தது இந்த ஜன்னலில்தான்.

இந்த மென்பொருள் தொடக்கத்தில் நம்பியிருந்தது ஹெர்மீஸ் சிப்பை. காரணம் தெளிவானது. ஆக்சஸ் பாயிண்ட் விட்டு ஆக்சஸ் பாயிண்ட் தாவுவதற்காக ஹெர்மீஸின் ஃபர்ம்வேர் "யார் யார் இருக்கிறீர்கள்?" என்று காற்றில் கேட்டு, வந்த பதில்களைத் தொகுத்து வைத்துக்கொள்ளும். அந்தத் தொகுப்பை வெளியே தரவும் அதனால் முடியும். லூசென்ட்டின் டிரைவர் வழியாக அதைக் கேட்டு வாங்கலாம். நெட்ஸ்டம்ப்ளர் வேடத்தைக் கலைக்கவில்லை. ஃபர்ம்வேர் தானாக எடுத்துவைத்திருந்த குறிப்பைக் கேட்டு வாங்கித் திரையில் போட்டது. குறிப்பு எடுத்துவைக்காத கார்டும், எடுத்தாலும் டிரைவர் வழியாகத் தராத கார்டும் அதற்குப் பயன்படாது. "ஒரினோகோ கோல்டு வாங்குங்கள்" என்று அந்த நாளில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதன் காரணம் இதுதான்.

அந்தக் கார்டைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். கிரெடிட் கார்டு அகல நீளமுள்ள பி.சி. கார்டு, லேப்டாப்பின் பக்கவாட்டுத் துளையில் செருகினால் கருப்புப் பிளாஸ்டிக் தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆண்டெனா அந்தத் தலைக்குள். தலையின் ஓரத்தில் நகத்தால் நெம்பினால் வரக்கூடிய ஒரு சிறு மூடி. அதன் கீழே வெளி ஆண்டெனா மாட்டுவதற்கான ஓட்டை. லூசென்ட்டுக்கே உரிய அளவில் செய்த இணைப்பு என்பதால் அதற்கென்று தனி வயர் வாங்க வேண்டும். அன்றைய மலிவான பிரிசம் கார்டுகள் பலவற்றில் அந்த ஓட்டைகூடக் கிடையாது. சில்வர், கோல்டு என்று இரண்டு வகை வந்தன. குறியாக்கச் சாவியின் நீளத்தில்தான் வேறுபாடு, ஸ்கேனருக்கு இரண்டும் ஒன்றே.

நெட்ஸ்டம்ப்ளரின் முறைக்கு ஒரு எல்லை இருந்தது. கேட்டால்தானே பதில் வரும்? பெயரை மறைத்துவைத்த, பொதுக் கேள்விக்குப் பதில் சொல்லாத ஆக்சஸ் பாயிண்ட் அதன் கண்ணில் படாது. தவிர, கேள்வி கேட்பதால் தேடுபவரும் வெளிப்பட்டுவிடுவார். வாயே திறக்காமல் எல்லாவற்றையும் கேட்க வேண்டுமென்றால் ஃபர்ம்வேரின் வடிகட்டியை நிறுத்தியாக வேண்டும்.

அதற்கு ஒரு வாசல் ஏற்கெனவே இருந்தது. பிரிசம்-2, ஹெர்மீஸ் இரண்டின் கட்டளை முறையும் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். லினக்ஸின் ஒரினோகோ டிரைவர் ஒன்றே இரண்டையும் ஓட்டியது. அந்தக் கட்டளைகளில் பதினறும எண்ணில் 38 என்று ஒன்று உண்டு. டிரைவர் மூலநிரலில் அதன் பெயர் 'டெஸ்ட்'. ஒரு குறிப்பிட்ட துணை எண்ணோடு அதைக் கொடுத்தால் கார்டு எந்த நெட்வொர்க்கிலும் சேராமல், அந்தச் சேனலில் காதில் விழும் எல்லாவற்றையும், பீக்கன் உட்பட, 802.11 தலைப்போடு அப்படியே மேலே அனுப்பும். இதுதான் மானிட்டர் மோடு. பயனாளருக்கென்று விளம்பரப்படுத்திய வசதி இல்லை இது. பரிசோதனைக் கட்டளைகளுக்குள் கிடந்ததை டிரைவர் எழுதியவர்கள் எடுத்துப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். பிரிசமுக்கு லினக்ஸ்-டபிள்யூலேன் டிரைவர் அந்த வேலையைச் செய்தது. ஹெர்மீஸுக்கு ஒரினோகோ டிரைவரில் ஒட்டுப்போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

இந்த வாசலின் மதிப்பு 2001 ஆகஸ்டில் உலகத்துக்கே தெரிந்தது. ஸ்காட் ஃப்ளூரர், இட்சிக் மான்டின், அடி ஷமீர் மூவரும் வைஃபையின் அன்றைய குறியாக்கமான வெப் முறையில் ஓட்டை இருப்பதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். காகிதத்தில் இருந்ததை நடைமுறையில் செய்து பார்த்தது ஏ.டி. அண்ட் டி. ஆய்வகத்தில் ஆடம் ஸ்டபிள்ஃபீல்டு, ஜான் அயோனிடிஸ், ஏவி ரூபின் குழு. அவர்கள் பயன்படுத்தியது கடையில் சுமார் 100 டாலருக்கு வாங்கிய லிங்க்சிஸ் கார்டு. உள்ளே பிரிசம்-2 இருப்பது தெரிந்ததாலும், அதற்கு லினக்ஸ் டிரைவர் உண்டு என்பதாலும்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு வாரத்துக்குள் சாவி கையில் வந்தது. அதே மாதம் ஜெரமி ப்ரூஸ்டில், பிளேக் ஹெகெர்லி எழுதிய, அதே வேலையைச் செய்யும் 'ஏர்ஸ்நார்ட்' மென்பொருள் வெளிவந்தது. பெட்டியின் மேல் இருக்கும் பெயரை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் சிப்பைப் பார்த்துக் கார்டு வாங்கும் பழக்கம் இங்கேதான் ஊன்றியது.

மைக் கெர்ஷா எழுதிய 'கிஸ்மெட்' ஸ்கேனர் பிறந்ததும் 2001-இல்தான். முழுக்க முழுக்கக் கேட்பது மட்டுமே அதன் வேலை; தன் பங்குக்கு ஒரு பாக்கெட்கூட அனுப்பாது. மறைத்த பெயரையும் அது பிடித்தது: பீக்கனில் பெயர் இல்லாவிட்டாலும் யாராவது அந்த நெட்வொர்க்கில் சேரும்போது பெயரைச் சொல்லித்தானே ஆக வேண்டும். நெட்ஸ்டம்ப்ளர் வைத்துக்கொண்டு சுற்றுபவரையும் அது அடையாளம் கண்டு காட்டியது.

கிஸ்மெட்டைப் பழைய நாளில் நிறுவியவர்கள் எல்லோரும் ஒரு வரியில் வந்து நின்றிருப்பார்கள். அதன் கட்டமைப்புக் கோப்பில் 'சோர்ஸ்' என்ற வரியில் மூன்று இடங்கள் இருக்கும்; முதல் இரண்டிலும் 'நன்', மூன்றாவதில் 'ஆட்மீ' என்று போட்டிருக்கும். அதை அழித்துவிட்டு டிரைவரின் வகை, கார்டின் இடைமுகப் பெயர், நாம் வைக்கும் ஒரு பெயர் என்று நாமே எழுத வேண்டும். டிரைவரின் வகை தெரிய சிப் தெரிய வேண்டும். சிப் தெரியக் கார்டின் அடியில் ஒட்டிய சீட்டைப் படிக்க வேண்டும். ஒவ்வொரு டிரைவரும் மானிட்டர் மோடுக்குப் போகும் வழி வேறு என்பதால் கிஸ்மெட் அத்தனை வழிகளையும் தனித்தனியாகத் தெரிந்துவைத்திருந்தது. சிஸ்கோ ஏரோநெட் கார்டு அந்த நிலையில் எந்தச் சேனலைக் கேட்பது என்பதைத் தானே முடிவு செய்துகொள்ளும். மற்ற கார்டுகளை மென்பொருள்தான் சேனல் சேனலாகத் தள்ள வேண்டும். ஒத்துவரும் கார்டுகளின் பட்டியல் என்பது உண்மையில் இந்த உழைப்பின் பதிவேடு. ஒரு வரி கூடுகிறது என்றால் யாரோ ஒருவர் கார்டை வாங்கி, திறந்து, மோதிப் பார்த்து, டிரைவரைத் திருத்தியிருக்கிறார் என்று பொருள். அவர்களில் பலருக்கு அது சம்பளம் இல்லாத வேலை. அந்தப் பட்டியல்களை நான் மரியாதையோடு படிப்பதற்கு அதுதான் காரணம்.

பாக்கெட் வந்துசேர்ந்தாலும் எண்கள் ஒத்துப்போகவில்லை. சிக்னல் பலத்தைக் காட்டும் எண்ணுக்கு எது உச்சம் என்பதைத் தரநிலை ஒவ்வொரு தயாரிப்பாளர் விருப்பத்துக்கும் விட்டிருந்தது. சிஸ்கோவில் 100, ஏதெராஸில் 60, சிம்பலில் 31. ஹெர்மீஸ் தரும் எண்ணிலிருந்து 149-ஐக் கழித்தால்தான் சிக்னல் பலத்தின் அலகான டி.பி.எம். கணக்கு வரும். ஒரே மேஜையில் இரண்டு கார்டுகளை வைத்து ஒரே ஆக்சஸ் பாயிண்டை அளந்தாலும் இரண்டு எண்கள். எதை வைத்து எதை ஒப்பிடுவது? பிரிசம் டிரைவர்கள் ஒவ்வொரு பாக்கெட்டின் முன்பும் 144 பைட் நீளத் தகவல் தலைப்பை ஒட்டின. மற்றவை வேறு வடிவங்களில் ஒட்டின. நெட்பி.எஸ்.டி. என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தின் முகாமிலிருந்து வந்த 'ரேடியோடேப்' என்ற பொது வடிவம் பிற்பாடு எல்லா இடத்திலும் நிலைத்து இந்தக் குழப்பத்தைத் தீர்த்தது.

விண்டோஸ் பக்கம் வேறு மாதிரி நகர்ந்தது. எக்ஸ்.பி. காலத்தில் ஸ்கேன் பட்டியலைக் கேட்டு வாங்குவதற்கு மைக்ரோசாஃப்ட் பொதுவான ஒரு முறையை டிரைவர்களுக்கு வகுத்தது. 2004 ஏப்ரலில் வந்த நெட்ஸ்டம்ப்ளர் 0.4 அதைப் பிடித்துக்கொண்டு ஹெர்மீஸ் அல்லாத கார்டுகளிலும் ஓடியது. அதுவே அதன் கடைசிப் பதிப்பு. 2007-இல் விஸ்டா வயர்லெஸ் அமைப்பையே மாற்றி எழுதியபோது நெட்ஸ்டம்ப்ளர் நின்றுபோனது. அந்த இடத்தை விஸ்டம்ப்ளர், இன்சைடர் போன்றவை நிரப்பின. இவை எல்லாக் கார்டுகளிலும் ஓடுவதற்குக் காரணம், இவை விண்டோஸிடம் பட்டியல் கேட்பதோடு நிறுத்திக்கொள்வதுதான். விண்டோஸில் மானிட்டர் மோடு வேண்டுமென்றவர்களுக்காக ஏர்பிகேப் என்று தனி யு.எஸ்.பி. கருவியே விற்க வேண்டி வந்தது.

இதற்குள் 2003-இல் இன்டெல் சென்ட்ரினோ வந்து வைஃபை லேப்டாப்புக்குள் குடியேறிவிட்டது. கார்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கையைவிட்டுப் போனது. புது சிப்களின் தயாரிப்பாளர்கள் சிலர் டிரைவர் விவரத்தைத் தர மறுத்தார்கள். அலைவரிசையையும் திறனையும் மென்பொருளே தீர்மானிக்கும் சிப் என்பதால், யாராவது மாற்றிவிட்டால் ஒழுங்குமுறைச் சிக்கல் வரும் என்பது ஏதெராஸ் தரப்பு. அதனால் லினக்ஸின் மேட்வைஃபை டிரைவர் நடுவில் திறக்க முடியாத ஒரு துண்டோடு ஓடியது. ஓபன்பி.எஸ்.டி.யின் ரெய்க் ஃப்ளோட்டர் அந்தத் துண்டின் நடத்தையைப் பார்த்துப் பார்த்து மாற்று எழுதினார். அதன்மேல் வளர்ந்தது லினக்ஸின் ஏத்5கே. 2007 ஜூலையில் லினக்ஸ் 2.6.22 கெர்னலோடு வந்த மேக்80211 என்ற பொது அடுக்கு, மானிட்டர் மோடைக் கார்டுதோறும் செய்யும் வித்தையாக இல்லாமல் பொது வசதியாக்கியது. மறு ஆண்டு ஏதெராஸே ஏத்9கே டிரைவரைத் திறந்த நிரலாக வெளியிட்டது. கதவு உள்ளிருந்து திறந்த அந்த நாளை இந்தத் துறையில் பெரிய நாளாகவே எண்ணுகிறேன்.

எல்லாம் திறந்ததால் எல்லாம் நல்லதாக நடந்தது என்று சொல்ல முடியாது. மானிட்டர் மோடில் இருக்கும் கார்டுக்கு பீக்கனும் ஒருவரின் மின்னஞ்சலும் ஒன்றுதான். கூகுளின் ஸ்ட்ரீட் வியூ கார்கள் கிஸ்மெட்டை அடிப்படையாகக் கொண்ட மென்பொருளால் ஆக்சஸ் பாயிண்டுகளைக் குறித்துக்கொண்டே போனபோது, பூட்டில்லாத நெட்வொர்க்குகளில் பறந்த மக்களின் சொந்தத் தகவல்களும் சேர்ந்து பதிவாகியிருந்ததை அந்த நிறுவனம் 2010-இல் ஒப்புக்கொண்டது. எதைச் சேமிப்பது, எதை விடுவது என்பதை ஸ்கேனர் எழுதுபவர்தான் நினைத்துப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும்.

பெட்டியில் சிப்பின் பெயர் இல்லாத தலைவலி இன்றைக்கும் தீரவில்லை. டிபி-லிங்க்கின் டி.எல்.-டபிள்யூ.என்.722என் யு.எஸ்.பி. அடாப்டர் நல்ல உதாரணம். முதல் பதிப்பில் இருந்தது ஏதெராஸ் ஏ.ஆர்.9271, திறந்த டிரைவர் உண்டு, ஃபர்ம்வேரின் மூலநிரல்கூடத் திறந்தது. கிஸ்மெட் பழகுபவர்கள் எல்லோரும் அதைத் தேடி வாங்கினார்கள். இரண்டாம் பதிப்பிலிருந்து உள்ளே ரியல்டெக் சிப். மாடல் எண் மாறவில்லை. பதிப்பு எண் மட்டும் சீட்டில் சின்னதாக இருக்கும். பழைய பரிந்துரையைப் படித்துவிட்டுப் புதியதை வாங்கியவர்களுக்கு ஸ்கேனர் ஒத்துழைக்கவில்லை. கையிலிருக்கும் கார்டைப் பற்றி லினக்ஸில் நேராகத் தெரிந்துகொள்ள வழி உண்டு: 'ஐடபிள்யூ லிஸ்ட்' கட்டளையை அடித்தால் கார்டு ஏற்கும் நிலைகள் வரிசையாக வரும், அதில் 'மானிட்டர்' இருக்கிறதா என்று பார்த்தால் போதும். வாங்குவதற்கு முன் என்றால் சிப்பின் பெயரைத் தேடித்தான் ஆக வேண்டும். இப்போது யு.எஸ்.பி.யில் மீடியாடெக் எம்.டி.7921 சிப்புக்குக் கெர்னலிலேயே டிரைவர் இருப்பதால் பலரும் அதன் பக்கம் போகிறார்கள்.

போனில் நிலைமை இன்னும் இறுக்கம். ஆண்ட்ராய்டு 9 முதல் முன்னால் திறந்திருக்கும் செயலிகூட 2 நிமிடத்துக்கு 4 முறைதான் ஸ்கேன் செய்யலாம். ஐபோனில் அக்கம்பக்கத்து நெட்வொர்க்குகளைப் பட்டியலிடும் செயலிகளை ஆப்பிள் 2010-இலேயே தன் கடையிலிருந்து எடுத்துவிட்டது. போனின் வைஃபை சிப் பழைய ஹெர்மீஸைவிட அதிகமான வேலைகளைத் தன் ஃபர்ம்வேருக்குள்ளேயே முடித்துக்கொள்கிறது. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'நெக்ஸ்மான்' என்ற திட்டத்தில் பிராட்காம் ஃபர்ம்வேரைப் பிரித்துப் படித்து, நெக்சஸ் 5 போனிலும் ராஸ்பெர்ரி பையிலும் மானிட்டர் மோடை எழுப்பினார்கள். அந்த ஒட்டு, சிப்பும் ஃபர்ம்வேர் பதிப்பும் இரண்டும் பொருந்தினால்தான் ஏறும். பொருந்தும் ஜோடிகளை அவர்களே ஒரு அட்டவணையாகப் போட்டு வைத்திருக்கிறார்கள்.